வேலை தொடங்க முதல் இருக்கிற எட்டுக் கிழமை, எதுக்குக் குடுக்கிறது?

சித்தியிட மகனுக்கு மே முதல் கிழமை லெட்டர் வந்திட்டுது. கொழும்பில ஒரு கொம்பனி, எக்கவுன்ட்ஸ் பக்கம், ஜூலை 1 வேலைக்கு வரச்சொல்லி. கம்பஸ் முடிச்சு ஒரு வருசத்துக்குக் கிட்ட இன்டர்வியூ இன்டர்வியூவா அலைஞ்ச பொடியன், லெட்டர் வந்த அண்டிரவே எனக்குக் கோல் எடுத்தவன். "அக்கா, இந்த எட்டுக் கிழமையும் நான் என்ன செய்யிறது?" இதுதான் முதல் கேள்வி. ஏனெண்டா வீட்டில ஆளுக்கொரு கதை. சித்தப்பா சொல்றார் நிலாவெளியில சீசன் தொடங்கீட்டுது, தெரிஞ்ச ஹோட்டல் இருக்கு, போய் நாலு காசு உழை எண்டு. சித்தி சொல்றா சும்மா இருக்காம கொம்பியூட்டர் கோர்ஸ் ஒண்டு செய் எண்டு. கூட்டாளிமார் எல்லாரும் மலைநாட்டில எல்ல போவம், யாழ்ப்பாணம் போவம், சுத்துவம் எண்டு நிக்கிறாங்கள். அம்மம்மா மட்டும், "பேசாமப் படுத்தெழும்பு அப்பு, பிறகு நித்திரை கிடைக்காது" எண்டாவாம்.

எனக்கு இந்த இடைவெளி மூண்டு வருசத்துக்கு முதல் வந்தது. ஜூன் நடுவில லெட்டர், செப்டெம்பர் 1 வேலை, பதினொரு கிழமை. அதில முதல் நாலு கிழமையை நான் பிழையாச் செலவழிச்சனான், மிச்ச ஏழு கிழமையை இண்டைக்கும் நினைச்சா நெஞ்சு நிறையும். அந்த வித்தியாசம் எங்க வந்தது எண்டு யோசிச்சு யோசிச்சு தம்பிக்குப் போனில சொன்னதைத்தான் இஞ்ச விரிவா எழுதுறன், ஊரில இன்னும் கனபேர் இந்த நேரம் இதே யோசினையில இருப்பினம் எண்டு எனக்குத் தெரியும்.

முதல்ல ஒண்டை விளங்கிக்கொள்ளோணும். எல்லாரும் இந்த நேரத்தை "எது பிரயோசனம்" எண்டு பார்த்துத்தான் பிரிக்கினம். நானும் அப்பிடித்தான் தொடங்கினனான். ஆனா பிரயோசனமான விசயம் எல்லாம் பிறகும் பிரயோசனமாத்தான் இருக்கப்போகுது, அது எங்கயும் ஓடாது. கேக்கவேண்டிய கேள்வி வேற: இதை ஒரு சனிக்கிழமையில செய்யேலுமோ? ஏலும் எண்டா அது காத்திருக்கும். ஒரு செவ்வாய்க்கிழமை காலமை பத்து மணிக்குத்தான் செய்யலாம், இல்லாட்டி நாள் தவறாம ரெண்டு மாசம் செய்தாத்தான் பலன் எண்டா, அதை இப்ப செய்யோணும், ஏனெண்டா உங்களுக்கு இனிமேல் செவ்வாய்க்கிழமை காலமை எண்டு ஒண்டு இருக்காது.

நான் பெருப்பிச்சுச் சொல்லேல்ல, கணக்கைப் பாருங்கோ. கொழும்பில இருந்து எங்கட ஊர் திருகோணமலை கிட்டத்தட்ட 260 கிலோமீற்றர். வெள்ளி ஒபிஸ் முடிஞ்சு இரவு மெயில் ட்ரெயினில ஏறினா, கல்லோயாச் சந்தியில அரைநித்திரையில முழிச்சு, சனி காலமை ஊரில இறங்கலாம். ஞாயிறு இரவு திரும்ப ஏறோணும், அப்பதான் திங்கள் ஒபிஸ். அப்ப ஊருக்குப் போன மூண்டு இரவில ஒரேயொரு இரவுதான் வீட்டுக் கட்டில்ல படுக்கிறது. அதுவும் மாசத்தில ஒருக்கா, மிஞ்சினா ரெண்டு தரம்.

லீவு இருக்குத்தானே எண்டு நினைப்பீங்கள், நானும் நினைச்சனான். தனியார் ஒபிஸ்களுக்கு 1954ல வந்த கடை அலுவலக ஊழியர் சட்டம் இருக்கு. அதுப்படி நீங்கள் சேர்ந்த வருசம் முடியும் வரைக்கும் வருடாந்த லீவு இல்லை, வேலை செய்த ஒவ்வொரு ரெண்டு மாசத்துக்கும் ஒரு நாள் கேஷுவல் லீவு மட்டும்தான். அடுத்த வருசம் எத்தினை நாள் கிடைக்கும் எண்டது எந்த மாசம் சேர்ந்தனீங்கள் எண்டதைப் பொறுத்தது. ஜனவரியில இருந்து மார்ச்சுக்குள்ள சேர்ந்தா 14 நாள், ஏப்ரல்ல இருந்து ஜூனுக்குள்ள எண்டா 10, ஜூலையில இருந்து செப்டெம்பருக்குள்ள 7, ஒக்டோபரிலயோ அதுக்குப் பிறகோ எண்டா வெறும் 4. இது சட்டப்படி ஆகக் குறைஞ்சது, சில கொம்பனி கூடவும் குடுக்கும். இப்ப தம்பியின்ட லெட்டரைப் பாருங்கோ, ஜூலை 1. ஜூன் கடைசியில சேர்ந்தா அடுத்த வருசம் 10 நாள், ஜூலை 1 சேர்ந்தா 7. ஒரு சில நாள் முந்திப் போறதுக்கு மூண்டு நாள் சம்பளத்தோட லீவு! நான் உடனே சொன்னன், எச்ஆருக்கு மரியாதையா ஒரு மெயில் போட்டுக் கேள், ஜூன் கடைசிக் கிழமையில வரலாமோ எண்டு. கேக்கிறதில பிழையில்லை, மிஞ்சினா இல்லை எண்டுவினம். இதை எனக்கு ஆரும் சொல்லித் தரேல்ல. உங்களுக்கு செப்டெம்பர் கடைசியோ ஒக்டோபர் முதலோ எண்டு தெரிவு குடுத்தாலும் இதே கணக்குத்தான், இன்னொரு கிழமை வீட்டில நிப்பம் எண்டு பின்னுக்குத் தள்ளினா அடுத்த வருசம் முழுக்க அதுக்கு விலை குடுக்கவேண்டி வரும்.

சரி, இனி ஒவ்வொண்டா.

சீசன் வேலை. எங்கட பக்கத்துக்கு சித்திரையில இருந்து புரட்டாதி வரைக்கும் சீசன், உப்புவெளி, நிலாவெளி ஹோட்டலெல்லாம் ஆள் தேடும், ரிசெப்ஷன், ரெஸ்டோரன்ட், போட் டிக்கெட் எண்டு ஏதாவது கிடைக்கும். இதைக் குறைச்சுக் கதைக்க எனக்கு விருப்பமில்லை, ஏனெண்டா கொழும்புக்குப் போற முதல் ரெண்டு மாசம் எவ்வளவு காசு விழுங்கும் எண்டது போனவைக்குத்தான் தெரியும். வெள்ளவத்தையிலயோ தெகிவளையிலயோ ரூம் எடுக்கிறதெண்டா மாச வாடகையோட அட்வான்ஸும் கேப்பினம், அதுவும் பலமாச வாடகையை ஒண்டா வைக்கச்சொல்லி. சம்பளம் மாசக் கடைசியில, நடு மாசத்தில சேர்ந்தா சிலவேளை அந்த மாசச் சம்பளப் பட்டியல்ல பேர் ஏறாம அடுத்த மாசத்தோடதான் சேர்த்து வரும். லெட்டரில போட்டிருக்கிற தொகை கையில வரும் எண்டும் நினைக்கக்கூடாது, அடிப்படைச் சம்பளத்தில இருந்து இபிஎப் எண்ட ஊழியர் சேமலாப நிதிக்கு 8 வீதம் வெட்டுப்படும், 60,000 எண்டா 4,800 போய் 55,200தான் கையில. கொம்பனி தன்ட பங்குக்கு 12 வீதம் போடும்தான், ஆனா அதை இப்ப எடுத்து வாடகை கட்டேலாது. ஆகவே வீட்டில கேக்க வழியில்லை, அப்பா அம்மா ஏற்கனவே கடன்பட்டுத்தான் படிப்பிச்சவை எண்டா, நான் வேற ஒண்டும் சொல்லமாட்டன், சீசன் வேலைக்குப் போங்கோ, அதுதான் சரி. வெள்ளைக்காரரோட கதைச்சுக் கதைச்சு இங்கிலிஷ் கூச்சமும் போகும், அது பெரிய லாபம். என்ட சிநேகிதி ஒருத்தி அப்பிடித்தான் தன்ட அட்வான்ஸ் காசை முழுக்க உழைச்சவள்.

ஆனா போறதெண்டா முதல் நாளே மூண்டு விசயம் கேட்டுக்கொள்ளுங்கோ. சேர்விஸ் சார்ஜில தற்காலிக ஆக்களுக்குப் பங்கு உண்டோ, ராத்திரி ஷிப்ட் முடிஞ்சா வீட்டுக்குப் போக வாகனம் உண்டோ, எந்தத் திகதியோட நிக்கிறன் எண்டதை எழுத்தில ஏற்பினமோ. என்ட அந்தச் சிநேகிதி நிண்ட இடத்தில கடைசிக் கிழமைச் சம்பளம் குடுக்காம இழுத்தடிச்சு, இவள் கொழும்புக்கு வெளிக்கிட்ட பிறகு அந்தக் காசு வரவேயில்லை. இன்னொண்டு, மேயில ஹோட்டல்கள் அவ்வளவு பிஸி இல்லை, ஆகஸ்டிலதான் சனம் குவியும், அதால மே ஜூன் ரெண்டு மாசத்துக்கு மட்டும் ஆள் எடுக்கிறதுக்குக் கன இடம் விரும்பாது. எல்லாத்துக்கும் மேல, வேலைக்குப் போக முதல் கிடைச்ச நேரத்தை இன்னொரு வேலைக்குக் குடுக்கிறம் எண்டதை மனசில வைச்சுக்கொள்ளோணும். அட்வான்ஸுக்கு வேற வழி இருக்கெண்டா நான் இதைச் செய்யமாட்டன்.

கோர்ஸ். இதிலதான் என்ட முதல் நாலு கிழமை போனது. ஒரு இடத்தில ஸ்போக்கின் இங்கிலிஷ், மூண்டு மாசக் காசை முற்கூட்டியே கட்டச் சொல்லி, கட்டினன். நாப்பது பேர் ஒரு வகுப்பில, மாறி மாறி ஒரு வசனம் வாசிக்கிறதோட அண்டைக்கு முடிஞ்சுது, நாலு கிழமையில நான் வாய் திறந்து கதைச்சது எல்லாமாச் சேர்த்து ஒரு மணித்தியாலம் வருமோ தெரியாது. காசைத் திருப்பித் தரேலாது எண்டிட்டினம். லெட்டர் கையில இருக்கேக்க ஒரு மாசச் சேர்டிபிக்கட்டை ஆரும் பார்க்கப்போறதில்லை, அதை நான் ஒபிஸில சேர்ந்த முதல் நாளே விளங்கிக்கொண்டன். எக்கவுன்ட்ஸ் எண்டா எக்செல் வேணும், பிவட் டேபிள், வீலுக்கப் ரெண்டும் வடிவாத் தெரிஞ்சா முதல் மாசம் மூச்சு விடலாம், அதுக்கு யூடியூப் காணும், ஒரு பத்து நாள் பின்னேரம் ஒரு மணித்தியாலம் இருந்தா வந்திடும்.

ட்ரிப். எனக்கு இதில ரெண்டு மனசு. இடங்கள் எங்கயும் போகாது, இலங்கையில மாசம் ஒரு பௌர்ணமிப் போயா லீவு வருது, அது வெள்ளியோ திங்களோ வந்தா மூண்டு நாள் சேர்ந்து கிடைக்கும், எல்லயும் தெமோதர ஒன்பது வளைவுப் பாலமும் அப்பவும் பார்க்கலாம். அந்தக் கணக்கில ட்ரிப் காத்திருக்கக்கூடிய விசயம். ஆனா கூட்டாளிமார் காத்திருக்கமாட்டினம். எங்கட செட்டில ஆறு பேர், ஒருத்தி இப்ப கட்டாரில, ரெண்டு பேர் கலியாணம் முடிச்சிட்டினம், ஒருத்தன் வவுனியாவில வாத்தியார், அவனுக்கு லீவு விடேக்க எங்களுக்கு இல்லை. ஆறு பேரும் ஒண்டா ஒரு பஸ்ஸில ஏறினது அந்த இடைவெளியிலதான் கடைசி. ஆகவே போங்கோ, ஆனா அஞ்சு நாளுக்கு மேல வேண்டாம், காசும் கரையாது. முதல் ரெண்டு கிழமைக்குள்ள போங்கோ, கடைசிக் கிழமைக்கு வைச்சா ஆராவது ஒராளுக்கு ஏதாவது வந்து குழம்பும். தூரம்தான் போகோணும் எண்டும் இல்லை, சிகிரியா எங்களுக்குக் கிட்டத்தட்ட நூறு கிலோமீற்றர், ஹபரணை தாண்டினாச் சரி, இருந்தும் ஊரில எத்தினை பேர் இன்னும் ஏறிப் பார்க்கேல்ல.

இன்னொண்டு இருக்கு, அதை ஆரும் இந்தக் கணக்கில சேர்க்கிறேல்ல. கதிர்காமப் பாத யாத்திரை. தொண்டைமானாறு செல்வச்சந்நிதியில வெளிக்கிடுற ஆக்கள் முல்லைத்தீவு தாண்டி எங்கட ஊருக்குள்ளால வந்து, வெருகல், மட்டக்களப்பு, பொத்துவில் எண்டு நடந்து, ஒக்கந்தை முருகனைக் கும்பிட்டுப் பிறகு குமண, யாலக் காட்டுக்குள்ளால கதிர்காமம் போய்ச் சேருவினம். முழுக்க நடக்கிறதெண்டா ஒன்றரை மாசத்துக்கு மேல. எல்லாரும் சந்நிதியில இருந்துதான் தொடங்கோணும் எண்டில்லை, எங்கட பக்கத்தில வந்து சேருறவையும் இருக்கினம். எங்கட ஒழுங்கையில ஒரு அண்ணை வேலைக்குச் சேர முதல் நடந்தவர், இப்ப அவருக்கு நாப்பது வயசு தாண்டீட்டுது, இன்னும் ஒருக்கா போகோணும் போகோணும் எண்டு சொல்லிக்கொண்டேதான் இருக்கிறார், லீவு கிடைக்கேல்ல. எனக்கு ஜூன் நடுவிலதான் லெட்டர் வந்தது, அதுக்குள்ள ஆக்கள் திருமலையைத் தாண்டீட்டினம். பக்தி இருக்கிறவைக்கு, உடம்பும் இடம் குடுக்கும் எண்டா, இதுக்கு ஈடா வேற ஒண்டும் இல்லை எண்டு நான் மனசார நினைக்கிறன். சேருற திகதியையும் அந்த வருசக் கதிர்காமக் கொடியேற்றத் திகதியையும் மட்டும் வைச்சுப் பாருங்கோ, தம்பிக்கு அது ஒத்துவரேல்ல.

ட்ரைவிங் லைசன்ஸும் பேப்பர் வேலையும். இதைச் சுருக்கமா முடிக்கிறன், ஆனா இதுதான் சனிக்கிழமையில செய்யேலாத வேலைகளில முதலாவது. மெடிக்கல், எழுத்துச் சோதினை, பிறகு ட்ரயல், எல்லாம் கந்தோர் நாளிலதான். எட்டுக் கிழமையில முழுக்க முடியாது, எழுத்துச் சோதினைக்கும் ட்ரயலுக்கும் இடையில மாசக்கணக்கில இருக்கு, ஆனா முதல் கிழமையே மெடிக்கலை எடுத்து எழுத்துச் சோதினையை முடிச்சு வைச்சா, ட்ரயலுக்கு ஒரு நாள் லீவு போட்டாக் காணும். அதோட பிறப்புச் சான்றிதழ் பிரதி, கிராம சேவகர் சான்றிதழ், கொம்பனி கேட்டா பொலிஸ் ரிப்போர்ட், வரிக்கான டின் நம்பர். ஒவ்வொண்டிலயும் ரெண்டு ரெண்டு பிரதி எடுத்து ஒரு பைலில போட்டுக்கொண்டு போங்கோ. நான் ஒண்டை விட்டிட்டுப் போய், பிறகு அப்பா அதுக்காக ரெண்டு நாள் வெயிலில அலைஞ்சவர்.

இனி நான் உண்மையில எழுத வந்த விசயம். சிங்களமும் வீடும். ரெண்டையும் வேற வேறயாத்தான் எழுத நினைச்சனான், ஆனா எனக்கு ரெண்டும் ஆசுப்பத்திரியில ஒரே வாங்கில இருந்து வந்தது.

நாங்கள் தமிழ், சிங்களம், முஸ்லிம் எண்டு மூண்டு சனமும் கலந்து இருக்கிற ஊரில பிறந்து வளர்ந்தனாங்கள், மாக்கெற்றில, பஸ்ஸில, ஆசுப்பத்திரியில சிங்களம் காதில விழுந்துகொண்டேதான் இருக்கும், ஆனா தமிழ் மீடியத்தில படிச்ச எங்களில கனபேருக்கு விலை கேக்கிறதுக்கு மேல வாய் வராது. கொழும்பு ஒபிஸில வேலை இங்கிலிஷில நடக்கும், மெயில் இங்கிலிஷில போகும், ஆனா சாப்பாட்டு மேசையில கதைக்கிறது சிங்களம். ஆர் எந்தப் பகுதிக்கு மாறுறது, எந்த மனேஜருக்கு எது பிடிக்காது, எந்த ரூம் காலியாகுது, எல்லாத் தகவலும் அந்த மேசையிலதான் ஓடும். விளங்காதவள் சோத்தைப் பார்த்துக்கொண்டு இருக்கவேண்டியதுதான். அரசாங்க வேலைக்குப் போறவைக்கு இன்னும் கட்டாயம், குறிப்பிட்ட காலத்துக்குள்ள இரண்டாம் மொழித் தேர்ச்சி காட்டோணும். இதை வார இறுதி வகுப்பில படிக்கலாம்தானே எண்டு கேப்பீங்கள். படிக்கலாம், ஆனா மொழி கிழமைக்கு ரெண்டு மணித்தியாலத்தில வராது, நாளுக்கு அரை மணித்தியாலம் ரெண்டு மாசம் விடாமச் செய்தா வரும். அதோட எங்களுக்கு அது நினைக்கிற அளவுக்குக் கஷ்டமும் இல்லை. வசனம் எங்கட ஒழுங்கிலதான் போகும், வினை கடைசியில. பேச்சில வினை ஆளுக்கு ஆள் மாறாது, மம யனவா, ஓயா யனவா, எயா யனவா, நான் போறன், நீ போறாய், அவன் போறான் எல்லாத்துக்கும் ஒரே யனவாதான், எங்கட பிள்ளையள் தமிழ் இலக்கணத்தில படுற பாட்டோட பார்த்தா இது சும்மா. அக்கா எங்கட அக்காதான், கடே எங்கட கடை, சல்லி எங்கட சல்லி. வாடகைக்கு குலிய எண்டு சொல்லுவினம், அது எங்கட கூலி, ரூம் தேடப் போகேக்க முதல் தேவைப்படுற சொல்லே ஏற்கனவே எங்களிட்ட இருக்கு. எழுத்துச் சிங்களம் வேற மாதிரி, அதைப் பிறகு பார்க்கலாம், இப்ப பேச்சைப் பிடியுங்கோ.

நான் எப்பிடிப் பிடிச்சன் எண்டு சொல்றன். கோர்ஸ் விட்டிட்டு வீட்டில இருந்த முதல் கிழமை, பகல் முழுக்க அப்பாவோட இருக்கக் கிடைச்சுது. அவர் பேப்பர் வாசிக்கேக்க வலது கண்ணைக் கையால பொத்திக்கொண்டு வாசிப்பார். சின்னனில இருந்து பார்க்கிறம், அது அவருட பழக்கம் எண்டு நினைச்சிருந்தம் போல. அண்டைக்கு நான் பக்கத்தில இருந்து, "ஏனப்பா பொத்துறீங்கள்?" எண்டு கேக்க, "அதால பார்த்தா எழுத்தெல்லாம் புகைக்குள்ள நிக்குது பிள்ளை" எண்டார், ஏதோ மழை வருது எண்டு சொல்ற மாதிரி. கண் கிளினிக்குக்குக் கொண்டு போனா, கற்றரக்ட், கண்புரை, ரெண்டு கண்ணிலயும், வலது கண் நல்லா முத்தீட்டுது. நான் வேலைக்குப் போயிருந்தா இதை ஆர் கண்டிருப்பினம்?

கிளினிக் எண்டா காலமை ஆறு மணிக்கே போய் நம்பர் எடுக்கோணும். முதல் நாள் நானும் அப்பாவும் மூலை வாங்கில இருக்கிறம், பக்கத்தில கந்தளாயில இருந்து வந்த ஒரு அம்மா, புருசனைக் கூட்டிக்கொண்டு. என்னைப் பார்த்து, "நம்பர் எக்க கீயத துவ?" எண்டா. கீயத விளங்குது, எத்தினை எண்டு கேக்கிறா, எனக்கு நாப்பத்திமூண்டு சொல்ல வாய் வரேல்ல. துண்டை எடுத்துக் காட்டினன். அவ சிரிச்சுக்கொண்டு, மெதுவா, ஒரு பிள்ளைக்குச் சொல்ற மாதிரி, "ஹதலிஸ் துன" எண்டா. நான் திருப்பிச் சொன்னன். பிறகு அவ தன்ட நம்பரைக் காட்டினா, நான் சொல்ல, பிழைக்க, அவ திருத்த, உள்ளுக்குக் கூப்பிடும் வரைக்கும் ரெண்டு மணித்தியாலம் இது நடந்தது. வீட்டுக்கு வந்து அண்டைக்கே ஒரு கொப்பி வாங்கி ஒண்டில இருந்து நூறு வரைக்கும் தமிழ் எழுத்தில எழுதினன், நாளுக்கு பத்து வசனம், பக்கத்து வீட்டு சிங்கள டீச்சரிட்ட பின்னேரம் போய் வாசிச்சுக் காட்டித் திருத்துறது. அந்தக் கந்தளாய் அம்மாவைப் பிறகும் மூண்டு தரம் அதே வாங்கில சந்திச்சன், எங்கட அப்பாவுக்கும் அவட புருசனுக்கும் ஒரே நாளிலதான் தவணை போட்டிருந்தது. கடைசித் தரம் அவ 1986ல கந்தளாய்க் குளக்கட்டு உடைஞ்ச ராவைச் சொன்னா, வெவ எண்டா குளம், வத்துர எண்டா தண்ணி, மிச்சத்தில பாதி விளங்கினது, பாதி அவட கையில இருந்தும் கண்ணில இருந்தும் விளங்கினது. நான் எந்த வகுப்பில காசு கட்டினாலும் இது கிடைச்சிருக்காது.

ஒப்பரேஷன் ஆகஸ்ட் முதல் கிழமை நடந்தது. அடுத்த நாள் காலமை கட்டை அவிழ்த்துக் கொண்டு வீட்டுக்கு வர, அப்பா முன் விறாந்தைச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிண்டார், கன நேரம். "இது நீலமோ? நான் சாம்பல் எண்டெல்லோ நினைச்சிருந்தனான்." அம்மா நாலு வருசத்துக்கு முதல் அடிச்ச பெயின்ட் அது. பிறகு ஒரு மாசத்துக்குக் கிட்ட சொட்டு மருந்து, முதல்ல ரெண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா, பிறகு குறைச்சுக் குறைச்சு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கீழ் இமையை மெல்ல இழுத்து, ஒரு சொட்டு, ரெண்டாவது மருந்துக்கு அஞ்சு நிமிசம் பொறுக்கோணும், ரெண்டையும் ஒண்டா விட்டா முதல் விட்டது கழுவுப்பட்டுப் போகும். குனியக்கூடாது, பாரம் தூக்கக்கூடாது, முகத்துக்குத் தண்ணி அள்ளி ஊத்தக்கூடாது. அம்மாவுக்குக் கை நடுங்கும், அவவால சொட்டு விடேலாது, நான்தான். அந்த அஞ்சு அஞ்சு நிமிசத்தில அப்பா கண்ணை மூடிக்கொண்டு கதை சொல்லுவார், தான் முதல் முதல் வேலைக்குப் போன நாள், முதல் சம்பளத்தில அப்பம்மாவுக்குச் சீலை வாங்கினது எல்லாம். இருபத்திநாலு வருசம் ஒரே வீட்டில இருந்தும் நான் கேக்காத கதையள்.

ஆகவே தம்பியிட்ட நான் கேட்டது, வீட்டில ஆருக்கு என்ன வருத்தம், ஆர் எந்தக் கிளினிக் போகினம், என்ன குளிசை போடினம் எண்டு உனக்குத் தெரியுமோ? வீட்டில நிக்கிறது எண்டா சும்மா கட்டில்ல கிடந்து போனைப் பார்க்கிறதில்லை. சமையலும் இதுக்குள்ளதான், பொடியனோ பெட்டையோ, பருப்பு, சொதி, ஒரு மீன் குழம்பு, முட்டைப் பொரியல், நாலும் அம்மாவுக்குப் பக்கத்தில நிண்டு நாலைஞ்சு தரம் செய்தா கை பிடிபட்டிடும், கொழும்பில மூண்டு நேரமும் கடைச்சாப்பாடு எண்டா சம்பளமும் நிக்காது வயிறும் நிக்காது.

கடலையும் சொல்லாம விடேலாது. கச்சான் காத்து அடிக்கிற இந்த மாசங்களில எங்கட பக்கக் கடல் குளம் மாதிரிக் கிடக்கும், ஐப்பசி கார்த்திகையில வாடை திரும்பினா கிட்டப் போகேலாது. கடலைப் பார்த்துக்கொண்டே வளர்ந்த ஊரில எங்களில எத்தினை பெட்டையளுக்கு நீந்தத் தெரியும்? எனக்குத் தெரியாமத்தான் இருந்தது. ஆகஸ்ட் முழுக்க காலமை ஆறு மணிக்கு மாமாவோடயும் மச்சாளோடயும் உப்புவெளிக் கரையில இறங்கி, மல்லாந்து மிதக்கவும், ஒரு இருபது முப்பது மீற்றர் கை போடவும் பழகினன், ஏழரைக்கு வீட்ட வந்து அப்பாவுக்குச் சொட்டு. கட்டாயம் நீந்தத் தெரிஞ்ச ஆளோட மட்டும் போங்கோ, தனிய வேண்டாம். நிலாவெளிக்கு ஒரு கிலோமீற்றர் தள்ளி இருக்கிற புறாமலைத் தீவை, 2003ல தேசிய பூங்காவாக்கின இடத்தை, கொழும்பில என்னோட வேலை செய்யிற எல்லாரும் போய்ப் பவளப்பாறை பார்த்திட்டு வந்து என்னட்டக் கேக்கினம், நான் இன்னும் போகேல்ல, அது எனக்குச் சரியான மனவருத்தம். தம்பி இதைக் கட்டாயம் செய்யோணும்.

நித்திரையைப் பற்றி அம்மம்மா சொன்னதில எனக்கு முழுச் சம்மதம், ஆனா முதல் ஒரு கிழமைக்கு மட்டும். ஒரு வருசமா நெஞ்சிடியோட திரிஞ்ச பிள்ளை ஒரு கிழமை நல்லாப் படுத்தெழும்பட்டும். அதுக்குப் பிறகும் பதினொரு மணிக்கு எழும்பிப் பழகினா, ஜூலையில ஆறு மணிக்கு எழும்பேக்க உடம்பு கேக்காது.

இப்ப எனக்கு ஆராவது இந்த எட்டுக் கிழமையை ஒழுங்குபடுத்தித் தா எண்டு கேட்டா, வீட்டில காசுக் கஷ்டம் எண்டா சீசன் வேலையும், விடியக்காலமையிலயோ இரவிலயோ அரை மணித்தியாலம் சிங்களமும், வேற ஒண்டும் வேண்டாம். கஷ்டம் இல்லை எண்டா நாள் தவறாமச் சிங்களம், கிளினிக்கும் கந்தோர் வேலையும் வாற நாளில அதுக்கு முன்னுரிமை, காலமையில கடல், அஞ்சு நாள் கூட்டாளிமாரோட ட்ரிப். கோர்ஸுக்குக் காசு கட்டாதீங்கோ.

தம்பி நேற்றிரவு திரும்பவும் எடுத்தவன். எச்ஆரில இருந்து பதில் வந்திட்டுதாம், ஜூன் 25 வரலாமாம், அதில ஒரே சந்தோசம். ட்ரிப்பை அடுத்த கிழமைக்கே முன்னுக்கு எடுத்திட்டான், யாழ்ப்பாணம் மட்டும், எல்ல பிறகு. ஹோட்டல் வேலைக்கு இல்லை எண்டு சித்தப்பாவிட்டச் சொல்லப் பயமா இருக்கு, நீ சொல்லு எண்டான், நான் கதைச்சன், அவர் கொஞ்சம் முறுகிப்போட்டு, பிறகு சரி எண்டிட்டார், அட்வான்ஸ் காசை நாங்கள் எல்லாருமாச் சேர்ந்து போடுறம். கடைசியா, "சித்தப்பாவின்ட கிளினிக் கொப்பியைத் திறந்து பார்த்தனியோ?" எண்டு கேட்டன். இல்லையாம், அவருக்குச் சீனி வருத்தம் எண்டு மட்டும்தான் தெரியுமாம். லைனிலயே வைச்சுக்கொண்டு போய் எடுத்துப் பார்த்தான். அடுத்த தவணை இந்த மாசம் 22ம் திகதி, காலமை ஆறு மணிக்கு நம்பர் எடுக்கோணும், தான் கூட்டிக்கொண்டு போறானாம்.